பத்தொன்பதாம் கால்

கெர்னலுக்குக் கண் இல்லை.
பலகையில் எது எங்கே இருக்கிறதென்று
யாராவது எழுதிக் கொடுத்தால்தான் அதற்குத் தெரியும்.
கோட்டையூரில், சைக்கிள் கடைக்கு மேல்மாடியில்,
அந்த யாராவது நான்.

கால் என்ற சொல்லுக்கு எங்கள் பக்கம் வேலை அதிகம்:
பந்தலுக்கு முகூர்த்தக்கால்,
ஊருணிக்கு வரத்துக்கால்,
வட்டிக்குக் கால் பைசா.
என் சில்லுக்கு நாற்பது.

முப்பத்தொன்று பொதுவேலைக் கால்கள்,
விளக்கென்றால் விளக்கு, பொத்தானென்றால் பொத்தான்,
சொன்னதைக் கேட்டு நிற்கும்.
மீதி ஒன்பது அப்படியில்லை.
நகரத்தார் ஒன்பது கோயில் புள்ளிக் கணக்குப் போல,
ஒன்றன் புள்ளியை இன்னொன்றில் எழுதினால் ஏற்காது.

ஏழாம் கால் மறுதொடக்கம்.
பன்னிரண்டு, காவல்நாயின் கழுத்துக் கயிறு:
நொடிக்கொரு முறை இழுத்துக் காட்டாவிட்டால்
நாம் செத்துவிட்டோமென்று முடிவுகட்டி
எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கிவிடும்.
முப்பத்துநான்கு, மின்சாரம் வரும் நேரத்தில் தாழ்ந்திருந்தால்
வண்டி வேறு தடத்தில் புறப்பட்டுவிடும்;
பிறகு அதே கால், எதுவும் நடக்காததுபோல்,
சாதாரணப் பச்சை விளக்கு.
இதையெல்லாம் நெளிவடைப்புக்குள் எழுதினேன்,
ஓர் அரைப்புள்ளியைத் தொலைத்து
ஒரு மதியம் முழுக்கத் தேடினேன்.

பத்தொன்பதுக்கு நேராக மட்டும்
இருதயராஜ் வரைபடத்தில் பென்சிலால்
'ஊருணி' என்று எழுதியிருந்தான்.
பலகையை வரைந்தவன்
இப்போது ஓசூரில் வேறு பலகை வரைகிறான்.
போன் போட்டேன். "அதுல என்ன விசேஷம்?"
"ஒண்ணுமில்லக்கா."

ஒண்ணுமில்லை என்பதை அப்படியே எழுதினேன்:
பத்தொன்பது, உள்ளீடு, உயர்ந்தால் உண்மை.

பள்ளத்தூருக்கு வெளியே ஒரு வரத்துக்கால் ஓரம்
பெட்டியைக் கம்பத்தில் ஏற்றினார்கள்.
மழைநீர் வந்தால் அது விழித்துச் செய்தி சொல்ல வேண்டும்,
வராதவரை தூங்கி பேட்டரியை மிச்சம் பிடிக்க வேண்டும்.
அதுவோ காய்ந்த ஆனி மாதத்தில்
நிமிடத்துக்கொரு முறை அலறியது:
நீர்வரத்து. நீர்வரத்து. நீர்வரத்து.

நாற்பதாவது செய்திக்கு
மோட்டார் ஆபரேட்டர் பொன்னழகு கூப்பிட்டார்:
"வரத்துக்கால்ல ஆட்டுக்குட்டி படுத்திருக்கு தாயி.
நனையாமத்தான் படுத்திருக்கு."

மல்டிமீட்டரோடு பஸ் ஏறினேன்.
கம்பத்தடியில் குந்தி முனையை வைத்தேன்.
வறண்டிருக்கையில் மூன்றே கால் வோல்ட்.
பொன்னழகு ஒரு சொம்புத் தண்ணீரை உணரிமேல் ஊற்றினார்.
பூஜ்யம்.

தலைகீழ்.
உள்ளே ஒரு மின்தடை, சும்மா இருக்கும்போதெல்லாம்
காலை மேலே தூக்கிப் பிடித்திருக்கிறது;
தண்ணீர் தொட்டால் கீழே விழும்.
விழுவதுதான் அதன் 'ஆமாம்'.
நிமிர்ந்து நிற்பது 'ஒண்ணுமில்லை'.
இருதயராஜ் பொய் சொல்லவில்லை.
எந்தப் பக்கம் ஒண்ணுமில்லை என்று
நான்தான் கேட்கவில்லை.

மடிக்கணினியை முழங்காலில் வைத்து
ஒரு சொல்லை மாற்றினேன்: தாழ்ந்தால் உண்மை.
இன்னொன்று சேர்த்தேன்: எழுப்பும்.
கெர்னல் திரும்ப ஏறியது,
நான் எழுதியதை வரிவரியாகப் படித்தது,
கேள்வி கேட்காமல் தூங்கப் போனது.

ஆனி முழுக்கச் செய்தி இல்லை. ஆடியிலும் இல்லை.
சரியாயிருக்கிறதா, செத்துவிட்டதா?
இரண்டுக்கும் ஒரே மௌனம்.

ஐப்பசி ஏழு, விடிகாலை மூன்று நாற்பது.
தலையணைக்கடியில் ஒரே ஓர் அதிர்வு.
இங்கே தூறல்கூட இல்லை;
மேற்கே எங்கேயோ பெய்து
செம்மண்ணைக் குழைத்துக்கொண்டு வந்திருக்கிறது.
பொன்னழகு டார்ச்சோடு போய்ப் பார்த்து எழுதினார்:
"இப்ப நெசம்."

பத்தொன்பதைப் பற்றி இப்போது கோப்பில் நான்கு வரி.
இருபத்துமூன்றாம் காலில் என்னவோ
அவ்வப்போது லேசாகத் துடிக்கிறது.
நேராக 'முடக்கப்பட்டது' என்று போட்டேன்.
அடுத்து வருகிறவருக்கு ஒரு குறிப்பும்:
தெரியவில்லை.
தெரிந்தமாதிரி எழுதிவிடாதீர்கள்.